ஏகாட்டூர் தணிகைவேலன் விஷயமாக மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு, கும்மிடிப்பூண்டியிலிருந்து உன் நைனா எழுதுவது. இங்கே உன் அம்மா நன்றாக இருக்கிறாள். நான் நன்றாக இல்லை. பதறாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை, பிரஷர் மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள்கிறேன். மனசுதான் நாலு நாளாக ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை, நம் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிற தேவிகா இங்கே வந்துவிட்டுப் போனதிலிருந்து இப்படித்தான். இன்று வியாழக்கிழமை. வருகிற ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூரில் உங்கள் வாசகர் வட்டம் கூடுகிறது. அதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் இருக்க வேண்டும், உன் கையிலிருந்து அவள் கைக்குப் போக வேண்டும். போனில் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். மூன்று தடவை எடுத்தேன். வாயைத் திறந்தால் எனக்குக் கூடுதலாக ஒன்று வந்துவிடும், உனக்கே தெரியும். பேனா என்றால் மெதுவாகப் போகும். அது போதாதென்று எதிரில் உன் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு தாளும் முடிந்ததும் வாங்கிப் படிக்கிறாள். கூட்டி எழுதியிருந்தால் திருப்பிக் கொடுக்கிறாள். இந்த முதல் தாளே மூன்றாவது தடவை எழுதுவது. முதல் தடவை, "இந்த மாவட்டத்திலேயே என்னளவு புத்தகம் படித்தவன் கிடையாது" என்று ஆரம்பித்திருந்தேன். அவள் அதைப் படித்தாள். தாளை மடித்து அடுப்பங்கரை ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டாள்.

ஆனாலும் அதில் பாதி உண்மை, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மற்றவர்கள் படித்ததை எண்ணிக்கையில் சொல்வார்கள், நான் டன் கணக்கில் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இந்தக் காகித மில்லுக்குள் நுழைந்தபோது உனக்குப் பல் முளைக்கவில்லை. அன்றிலிருந்து பழைய பேப்பர் யார்டில்தான் வேலை. லாரியில் மூட்டை மூட்டையாக வரும். நோட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, பரீட்சைப் பேப்பர், நடுநடுவே கதைப் புத்தகம். அதையெல்லாம் பிரித்துக் கூழ் போடும் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். புத்தகத்தை அப்படியே போட முடியாது. அட்டையில் பளபளப்புக்கு ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் கரையாது, முதுகில் இருக்கும் பசை கூழில் கலந்தால் புதுத் தாளில் புள்ளி புள்ளியாக விழும். அதனால் புத்தகத்தை முழங்காலில் வைத்து, அட்டையைப் பின்பக்கமாக மடக்கி, ஒரே திருகு. முன்னால் நாலு பக்கம், பின்னால் நாலு பக்கம் பசையோடு சேர்ந்து அட்டைக்கூடைக்குப் போய்விடும். மீதி இந்தக் கூடைக்கு. இருபத்தைந்து வருஷமாக இந்தக் கை அதைத்தான் செய்கிறது. இதைப்பற்றி உனக்கு நான் சொன்னதே இல்லை. வாரத்துக்கு ஒரு புத்தகம் கம்பெனியில் படிக்கக் கொடுக்கிறார்கள் என்றுதான் சொல்லியிருக்கிறேன். கேட்டில் சோதனை, ஒரு தாளைக்கூட வெளியே கொண்டுவர முடியாது என்பதால் நீயும் எதையும் பார்த்ததில்லை.

கிழிக்கிறவர் நீங்கள்தானே, கிழிக்கும்போது பெயரைப் பார்த்திருக்கலாமே என்று தேவிகா கேட்பாள், அவள் அப்படிப்பட்ட பெண். அதற்கும் பதில் எழுதிவிடுகிறேன். புத்தகம் குப்புறவும் தலைகீழாகவும் வரும். கை பார்க்கும், கண் பார்க்காது. படிக்க வேண்டும் என்று தோன்றுவதே கிழித்த பிறகுதான். உள்ளே ஏதாவது ஒரு வரி கண்ணில் பட்டு இழுக்கும். அதை மட்டும் எடுத்துத் தனியாகச் செருகி வைத்துச் சாப்பாட்டு நேரத்தில் எடைமேடைக்குப் பின்னால் உட்கார்ந்து படிப்பேன். அப்போது திரும்பிப் பார்த்தால் அட்டைக்கூடையில் ஆயிரம் அட்டை கிடக்கும், எது இதனுடையது என்று எவன் தேடுவான். ஆயிரம் இல்லை. உன் அம்மா முறைக்கிறாள். நூறு.

எடைமேடைக்குப் பின்னால் நான் மட்டும் இல்லை. ரோசம்மா அக்கா இருக்கும், ஞாபகம் இருக்கிறதா, கிறிஸ்துமஸுக்குக் கல்கல் பலகாரம் கொண்டுவந்து கொடுக்குமே, அதுதான். இன்னும் பேப்பர் பிரிக்கிற பெண்கள் மூன்று நாலு பேர். நீங்கள் ஃபேன் போட்டு நாற்காலி போட்டு நடத்துகிற வாசகர் வட்டத்தை நாங்கள் சோற்றுத்தூக்கோடு எப்போதோ நடத்தியாகிவிட்டது. யார் கையில் என்ன மாட்டியது, எது பிடித்தது, ஏன் பிடித்தது, எல்லாம் பேச்சு நடக்கும். ரோசம்மா அக்காவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், ஆனால் கேட்கத்தான் பிடிக்கும். "இன்னாண்ணே, இன்னிக்கு இன்னா கதை மாட்டுச்சு? அயுவுற கதைன்னா வாணாம், சோறு எறங்காது" என்று ஆரம்பித்து வைக்கும். நான் படித்துச் சொல்வேன். நான் சொன்னால் மெஷின் ஓடுகிற சத்தமே கேட்காது என்று அந்தப் பெண்களே சொல்லியிருக்கிறார்கள். இந்த வரியை உன் அம்மா அடிக்கவில்லை, விட்டுவிட்டாள்.

அப்படி மாட்டியதுதான் கேட் கீப்பர் கதை. உனக்கு அது மனப்பாடம். ஊருக்கு வெளியே ரயில்வே கேட். தினமும் விடியும் நேரத்தில் பூக்கூடை கட்டிய சைக்கிளோடு ஒரு பெண் வருவாள். அவள் வருகிறாள் என்று தெரிந்தால் கேட் கீப்பர் கேட்டைப் போடாமல் அரை நிமிஷம் பிடித்துவைப்பான். அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு நாள் அந்த அரை நிமிஷம் ஒரு நிமிஷமாகி, சிக்னல் விழாமல் ரயில் நின்று, அவனைத் தண்டனையாக எங்கோ தூரத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். மூன்று நாள் சாப்பாட்டு நேரம் இதைப் படித்துச் சொன்னேன். மூன்றாம் நாள், அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டுகிறான், பக்கத்தைத் திருப்பினேன், அடுத்த பக்கம் இல்லை. கடைசி நாலு பக்கம் பசையோடு போய்விட்டது. என் கைதான் கிழித்தது. "அப்பறம்? அந்தப் பொண்ணு வந்து கேட்டுச்சா இல்லியா?" என்று ரோசம்மா அக்கா கேட்கிறது. யாரும் கை கழுவவில்லை, எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள். தெரியாது, கிழிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். இரண்டே சொல். அது எனக்கு வரவில்லை. அந்தப் பெண் சைக்கிளிலேயே அவன் இருக்கிற ஊருக்குத் தேடிப்போனாள் என்றேன். ஸ்டேஷன் மாஸ்டர் மாலை எடுத்துக்கொடுக்க, கேட் ரூமிலேயே கல்யாணம் என்றேன். அந்த வழியாகப் போன ரயிலை நிறுத்தி, பாசஞ்சர்கள் எல்லோரும் ஜன்னல் வழியாக அட்சதை போட்டார்கள் என்றேன். ரோசம்மா அக்கா அழுதுவிட்டது. சந்தோஷத்தில்.

அந்த நேரம் பார்த்து அங்கே வந்தார் புதிதாகச் சேர்ந்த சூப்பர்வைசர், பட்டணத்தில் படித்த பிள்ளை. நல்ல கதையாக இருக்கிறதே, யார் எழுதியது என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். முப்பது பேர் வேலை செய்கிற யார்டில் என்னை மட்டும் கேட்டார். எனக்கு நேர் எதிரே எடைமேடையில் ஒரு லாரி ஏறி நின்றது. முன் கண்ணாடிக்கு மேலே தணிகைவேலன் துணை என்றும், அதற்குக் கீழே ஊர் ஏகாட்டூர் என்றும் எழுதியிருந்தது. ஏகாட்டூர் தணிகைவேலன், சார், உங்களுக்குத் தெரியாதா என்றேன். அவர் தெரியாது என்று தலையைச் சொறிந்துகொண்டு போனார். படித்தவர் ஒருவர் எனக்கு முன்னால் தெரியாது என்று சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு யார்டில் எந்தப் புத்தகம் நன்றாக இருந்தாலும் அது ஏகாட்டூர் தணிகைவேலன் எழுதியதுதான். சுமாராக இருந்தால் யாரோ எழுதியது. எத்தனையோ பேர் உட்கார்ந்து எழுதியதையெல்லாம் பிடுங்கி ஒரு லாரிக்குக் கொடுத்துவிட்டேன்.

அதை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். ஷிப்ட் முடிந்து வந்தால் நீ வாசற்படியிலேயே பிடித்துக்கொள்வாய். "நைனா, இன்னிக்குத் தணிகைவேலன் இன்னா சொன்னாரு?" அவர் சொன்னதை நான் சொல்வேன். நீ கேட்கக் கேட்க அவர் வளர்ந்தார். வெள்ளைத் தாடி வந்தது. கறுப்புக் குடை வந்தது. ஒரு நாள் மில்லுக்கே வந்து, தன் அடுத்த புத்தகத்துக்குத் தாள் எப்படித் தயாராகிறது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, என் தோளில் கைபோட்டு டீ குடித்துவிட்டுப் போனார் என்றேன். நீ என் தோளைத் தொட்டுப் பார்த்தாய். இந்தத் தோளா அந்தத் தோளா என்று கேட்டாய். இன்றைக்கும் அந்த இடத்தில் உன் விரல் படுகிற மாதிரி இருக்கிறது. அதில் பொய் இல்லை.

நிறுத்த வேண்டிய இடம் ஒன்று வந்தது. நீ ஏழாவது படிக்கும்போது, எனக்குப் பிடித்த எழுத்தாளர் என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நீ ஆறு பக்கம் எழுதினாய். தமிழ் வாத்தியார், பாவம், சாதுவான மனுஷர், அப்படி ஓர் எழுத்தாளரே இல்லையே தம்பி என்று சொல்லிவிட்டார். நீ வகுப்பில் எழுந்து நின்று, இருக்கிறார், என் நைனா தோளில் கைபோட்டிருக்கிறார் என்று சண்டை போட்டாய். பிள்ளைகள் சிரித்தார்கள். நீ அழுதுகொண்டே வந்தாய், சாப்பிடவில்லை. மறுநாள் லீவு போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? உண்மையைச் சொல்லத்தான் புறப்பட்டேன், மகனே. ரயில்வே லைனைத் தாண்டுகிற வரைக்கும் அதே எண்ணம்தான். வாசலில் நீ நின்றுகொண்டிருந்தாய், என் நைனா வந்துவிட்டார் பார் என்று பக்கத்துப் பையன்களிடம் காட்டினாய். அவ்வளவுதான். உள்ளே போய் அந்த வாத்தியாரிடம், நீங்கள் பாடப் புத்தகத்தைத் தாண்டிப் படித்ததில்லை போலிருக்கிறது என்று சொன்னேன். அந்த மனுஷர் முகம் சுருங்கிப்போனது. எனக்குத் தெரியாமல் இருக்கலாம், மன்னிக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார். உன் கட்டுரைக்கு மார்க் போட்டுக் கொடுத்தார். தெரிந்த மனுஷனைத் தெரியாதவனாக்கிவிட்டு, நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியில் உனக்குப் பால் ஐஸ் வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு நீ வளர்ந்தாய், ஐடிஐ முடித்தாய், காக்களூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்துத் திருவள்ளூரில் ரூம் எடுத்துத் தங்கினாய். தணிகைவேலன் பேச்சு நின்றுவிட்டது. நீ மறந்துவிட்டாய், தப்பித்தோம் என்று நினைத்தேன். அங்கே போய் வாசகர் வட்டத்தில் சேர்வாய் என்று நான் கண்டேனா? முதல் நாளே ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த எழுத்தாளரைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்களாம். எல்லோரும் கையில் புத்தகத்தோடு வந்து பேச, நீ வெறுங்கையோடு எழுந்து ஏகாட்டூர் தணிகைவேலனைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினாயாம். கேட் கீப்பர் கல்யாணத்தில் முடித்தபோது கை தட்டினார்களாம். கூட்டம் முடிந்ததும் பக்கத்து பேக்கிங் கம்பெனியில் வேலை பார்க்கிற செவ்வாப்பேட்டைப் பெண் ஒருத்தி வந்து, இந்த எழுத்தாளர் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டாளாம். நீ போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். நான் போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டேன். ஆனாலும் எனக்குள்ளே ஒருத்தன் மீசையை முறுக்கினான், அதையும் மறைக்க மாட்டேன்.

அந்தப் பெண்ணை, தேவிகாவைப் பார்த்த பிறகு எனக்கு எவ்வளவு பிடித்துப்போனது என்று உனக்குத் தெரியும். அவள் என்னை மாமா என்று கூப்பிட்ட முதல் நாளே, அவளுடைய முந்தைய சம்பந்தம் ஏன் நின்றது என்று அவளே சொன்னாள். பையன் இன்ஜினியர் என்று சொல்லி நிச்சயம் வரைக்கும் வந்துவிட்டார்கள், படிப்பை முடிக்கவே இல்லை என்று பிறகு தெரிந்தது. "படிக்கலன்னா இன்னா மாமா, என் அப்பாவே படிக்கல. படிக்கலன்னு சொல்லிருக்கலாம்ல? தப்பு பண்ணவங்களோட நான் இருந்துடுவேன். பொய் சொல்றவங்களோட எனக்கு ஒரு நாள் ஓடாது." காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள். உன் அம்மா சமையலறையிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். அன்றே சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள், போன வாரம்கூட ஒரு லைப்ரரியில் தேடினேன் மாமா, கிடைக்கவில்லை என்றதும், எப்படிக் கிடைக்கும், அவர் மனசு வெறுத்துத் தன் புத்தகத்தையெல்லாம் தானே திரும்ப வாங்கிக்கொண்டார் என்றேன். அந்தப் பெண் கண் கலங்கிவிட்டது.

அடுத்த மாதம் திருப்பாச்சூர் கோயிலில் உங்கள் கல்யாணம். பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. இப்படி இருக்கும்போதுதான் போன ஞாயிற்றுக்கிழமை, உனக்கும் சொல்லாமல், சென்ட்ரல் போய் வண்டி மாறி அவள் தனியாக வந்தாள். முகமெல்லாம் வெளிச்சம். பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். பழைய புத்தகக் கடையில் கிடைத்ததாம். "பிரிச்சுப் பாருங்க மாமா. கேட் கீப்பர், பூக்கூடை, அரை நிமிஷம், எல்லாம் அப்படியே இருக்குது. ஆனா பேரு வேற. முடிவும் வேற." அட்டையில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. அந்தப் பெயரை இந்தத் தாளில் எழுத மாட்டேன், ஏன் என்று பின்னால் தெரியும். என் காதில் மெஷின் ஓடுகிற மாதிரி இரைச்சல். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வாயைத் திறந்தேன். "திருட்டும்மா" என்றேன். தணிகைவேலன் எழுதியதைத் திருடி இந்த அம்மா தன் பெயரில் போட்டுக்கொண்டது, கண்டுபிடிக்கக் கூடாது என்று முடிவை மட்டும் மாற்றிவிட்டது, அந்த வருத்தத்தில்தான் அவர் எழுதுவதையே விட்டார் என்றேன். நான் யோசிக்கவே இல்லை, மகனே. தானாக வந்தது, ஜோடித்த மாதிரி வந்தது.

அவள் சந்தேகப்பட்டிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். நம்பினாள். "இத சும்மா வுடக் கூடாது மாமா" என்றாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் எழுந்து இதைச் சொல்லப் போகிறாளாம். எல்லோரும் கையெழுத்துப் போட்டு அந்தப் பதிப்பகத்துக்கும் அந்த அம்மாவுக்கும் கடிதம் அனுப்பப் போகிறாளாம். நானும் வந்து சாட்சி சொல்ல வேண்டுமாம். தன் கல்யாணத்துக்கு முன்னால் மாமாவுடைய எழுத்தாளருக்கு நியாயம் வாங்கிக் கொடுப்பதுதான் எனக்கு அவள் தருகிற சீர் என்று சொன்னாள். புத்தகத்தை என்னிடமே விட்டுவிட்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். உனக்கு இது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் உன்னையும் அசத்த வேண்டும் என்று உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறாள்.

அவள் ஆட்டோ திரும்பும் வரைக்கும் உன் அம்மா வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்தாள். இத்தனை வருஷமாக என் அளப்பையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டு போனவள், அன்றைக்குச் சிரிக்கவில்லை. "யோவ், நீ எங்கிட்ட சொன்ன பொய்யெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் கேட்டுக்கினு இருந்தேன், ஊட்ல டிவி இல்லாத காலம், பொயுது போச்சு. இப்ப இன்னா பண்ணிக்கிற தெரியுமா? அந்தப் பொண்ணு சபையில எயுந்து ஒருத்திய திருடின்னு சொல்லப் போவுது. நாளைக்கு அது பொய்யின்னு ஆனா எவன் மூஞ்சிலயா துப்புவாங்க? உன் மூஞ்சிலயா? அது மூஞ்சில." நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். "பேசாத" என்றாள்.

திங்கட்கிழமை அந்தப் புத்தகத்தைச் சோற்றுத்தூக்கோடு மில்லுக்கு எடுத்துக்கொண்டு போனேன். வெளியிலிருந்து உள்ளே புத்தகம் கொண்டுபோகிறவனைக் கேட் செக்யூரிட்டி முதல் தடவையாகப் பார்க்கிறான். என்னத்துக்குண்ணே, கூழுக்கா என்று கேட்டான். எடைமேடைக்குப் பின்னால் உட்கார்ந்து பிரித்தேன். அட்டையோடு ஒரு புத்தகம் முழங்காலில் இருந்தால் என் கை தானாகத் திருகப் போகிறது. பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. முதல் பக்கத்தில் அந்த அம்மாவின் பெயர். அடுத்த பக்கத்தில், ரயில்வேயில் வேலை பார்த்த தன் தகப்பனாருக்கு இந்தப் புத்தகம் என்று இரண்டு வரி. அதற்கு அடுத்த பக்கத்தில், எழுதி முடிக்க எத்தனை வருஷம் ஆனது என்று. இதெல்லாம் இருக்கிற பக்கங்களைத்தான் இத்தனை வருஷமாக நான் பசை என்று கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசி நாலு பக்கத்தையும் படித்தேன். கல்யாணம் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை, அட்சதை இல்லை. புது கேட் கீப்பர் வருகிறான், மணி அடித்தால் சட்டென்று கேட்டைப் போடுகிறான். அந்தப் பெண் முதல் நாள் காத்து நிற்கிறாள். இரண்டாம் நாளும் நிற்கிறாள். மூன்றாம் நாளிலிருந்து கொஞ்சம் சீக்கிரமாக எழுந்து புறப்படுகிறாள். பக்கத்தில் நிற்கிறவரிடம், ரயில் நேரத்தை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று சொல்கிறாள். அதோடு முடிந்துவிட்டது. அவளுக்காக ஒருத்தன் அரை நிமிஷம் பிடித்துவைத்தான், அதற்காக ஊரை விட்டுப் போனான் என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியாது. யாரும் சொல்லவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. ரோசம்மா அக்காவுக்கு இந்த வருஷத்தோடு வேலை முடிகிறது. அதைக் கூப்பிட்டு நடந்ததெல்லாம் சொல்லி, இதுதான் நிஜமான முடிவு என்று படித்துக் காட்டினேன். "நீ சொன்னது நல்லா இருந்துச்சிண்ணே. ஊட்டுக்குப் போய்க்கினே சிரிச்சேன். ஆனா இதுதான் அந்தம்மா நெனச்சது. அத நீ எங்களுக்குச் சொல்லாம வுட்டுட்டியே" என்றது. கோபமாகச் சொல்லவில்லை. அதற்குக் கோபமாகவே சொல்லியிருக்கலாம்.

இப்போது நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். நீ இதுவரைக்கும் பொய் சொல்லவில்லை. நீ நம்பியதைச் சொன்னாய், தேவிகா முன்னாலும் வட்டத்தின் முன்னாலும். ஆனால் இந்தத் தாள் வரைக்கும் படித்துவிட்டாய் அல்லவா, இந்த நிமிஷத்திலிருந்து நீ தெரிந்தவன். கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நாள் தள்ளிப்போட்டால், அன்றிலிருந்து அது உன் பொய். என்னைக் காப்பாற்ற நினைக்காதே. நைனாவுக்கு வயதாகிவிட்டது, ஞாபகப் பிசகு என்றெல்லாம் ஜோடிக்காதே. ஜோடிப்பது நம் வீட்டில் எப்படி வளரும் என்று பார்த்துவிட்டாய். அவள் முகத்தைப் பார்த்துக் கொடு. படித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் இரு. அவள் கோபப்பட்டால் குறுக்கே பேசாதே. எழுந்து போனால் பின்னால் போ, ஆனால் கையைப் பிடித்து நிறுத்தாதே. நான் கேட்டுக்கொள்வதெல்லாம் ஒன்றுதான், கோபத்தை என்மேல் வைக்கட்டும், உன்மேல் வைக்க வேண்டாம். அதை நான் கேட்கக்கூடாது என்கிறாள் உன் அம்மா. அடிக்கச் சொன்னாள். அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இது கூட்டி எழுதியதில்லை.

கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று எனக்குத் தெரியவில்லை. பார், தெரியவில்லை என்று எழுதிவிட்டேன். திருப்பாச்சூரில் பேசிவைத்த நாள் அப்படியே இருக்கிறது, பத்திரிகையில் மிச்சம் நாற்பது அலமாரியில் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கும்போதெல்லாம், இதுவும் ஒரு நாள் மூட்டையில் யார்டுக்கு வந்துவிடுமோ, நானே பிரிக்க வேண்டியிருக்குமோ என்று நினைத்து மறுபடி மூடிவைக்கிறேன். நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை நான் திருவள்ளூருக்கு வருவேன். வட்டத்தில் உள்ள எல்லோர் முன்னாலும் இந்தக் கடிதத்தை நானே படிக்கிறேன். அந்த வாத்தியார் இன்னும் பொன்னேரியில்தான் இருக்கிறாராம், அவரையும் போய்ப் பார்ப்பேன். கூட்டத்தில் கேட் கீப்பர் கதையை எழுதிய அம்மாவின் பெயரை முழுசாக, இனிஷியலோடு சொல்வேன். திருட்டு என்று சொன்ன அதே வாயால், அதைத் திரும்ப எடுத்துக்கொண்ட பிறகுதான் அந்தப் பெயரை எழுதவோ சொல்லவோ எனக்கு யோக்கியதை. மற்றப் புத்தகங்களை எழுதியவர்கள் யார் யாரென்று இனிமேல் தெரியப்போவதில்லை. அவர்களிடம் என்ன சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. தேவிகாவுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லட்டும்.

நாளைக்கு உன் அம்மாவே இதைக் கொண்டுவருகிறாள். தபாலை நம்பினாலும் என்னை நம்ப மாட்டாள். உறையில் போடுவதற்கு முன்னால் அவளுக்கே மனசு இளகிவிட்டது. "மொத தாள மட்டும் எடுத்துட்டு மீதிய குடுத்துடலாமா? அதுல உன் பேரு, உங்கப்பா பேரு, ஆறாங்கிளாசுன்னு எல்லாம் எழுதி வச்சிக்கிற. ஊரே படிக்கும்யா" என்கிறாள். ஆமாம், எல்லாவற்றுக்கும் மேலே அட்டை மாதிரி ஒரு தாள் வைத்து, அதில் என் முழுப்பெயரையும், தகப்பனார் பெயரையும், படிப்பையும், செய்கிற வேலையையும் எழுதியிருக்கிறேன். ஒரு நிமிஷம் கை நீண்டது. பழகிய கை, ஒரே திருகில் வந்துவிடும். வேண்டாம் என்று அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். தேவிகா அட்டையிலிருந்து படிக்கிற பெண். அவளிடம் முதல் தாளோடு கொடு.